கேள்வி – பதில்: ஏதென்ஸில் யார் ஆண்டார்கள்?

சென்ற இதழில் பழைய ஏதென்ஸ் நகரத்தின் மக்களாட்சியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதை ஒட்டி வந்த கடிதங்களில் நான்கிற்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் ஹவுசிங் சொசைட்டி கமிட்டிக்கு நிற்க யாரும் முன்வருவதில்லை, பல ஆண்டுகளாக அதே நான்கு பேர்தான் இருக்கிறார்கள். ஏதென்ஸில் குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நாங்களும் அப்படிச் செய்தால் என்ன? – ஒரு வாசகர், செம்பூர்

பதில்: ஏதென்ஸ்காரர்கள் எதைக் குலுக்கலுக்கு விட்டார்கள், எதை விடவில்லை என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கி.மு. 508-ஐ ஒட்டிக் கிளைஸ்தனீஸ் என்ற ஏதென்ஸ் தலைவர் செய்த சீர்திருத்தத்தில் குடிமக்கள் பத்துப் பிரிவுகளாகப் பகுக்கப்பட்டார்கள். பிரிவுக்கு 50 பேர் வீதம் 500 பேர் கொண்ட மன்றம் அமைந்தது. பிற்காலத்தில் இந்த 500 பேரும் ஆண்டுதோறும் குலுக்கலில்தான் வந்தார்கள். 30 வயது நிறைந்திருக்க வேண்டும். வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் ஒருவர் அந்த மன்றத்தில் அமர முடியாது. இதனால் செருப்புத் தைப்பவரும் உழவரும் குயவரும் ஏதோ ஓர் ஆண்டில் நகரத்தின் வரவு செலவையும் தூதர்களையும் கப்பல்களையும் கவனிக்க வேண்டிய நிலை வந்தது. தேர்தல் வைத்தால் பெயர் பெற்றவரும் பணமுள்ளவரும் பேச வல்லவருமே திரும்பத் திரும்ப வருவார்கள் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். பதவிகளைக் குலுக்கலில் நிரப்புவது மக்களாட்சியின் இயல்பு, தேர்தலில் நிரப்புவது சிலராட்சியின் இயல்பு என்று அரிஸ்டாட்டில் எழுதியதற்கும் இதுவே அடிப்படை. இன்று தேர்தலையே மக்களாட்சி என்று எண்ணிப் பழகிய நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

ஆனால் குலுக்கலில் பெயர் வந்தவுடன் ஒருவர் நாற்காலியில் அமர்ந்துவிட முடியாது. பதவி ஏற்கும் முன் ஒரு விசாரணை உண்டு. ஆர்க்கான் என்ற உயர் பதவிக்கு வந்தவரிடம், உன் தந்தை யார், எந்த ஊர், பெற்றோரை நன்றாக நடத்துகிறாயா, வரி செலுத்துகிறாயா, போர்ப்பணி செய்தாயா என்றெல்லாம் கேட்டார்கள். ஆண்டு முடிந்ததும் ஒவ்வோர் அதிகாரியும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் குற்றம் சாட்டலாம். தேர்ச்சி வேண்டிய வேலைகளையோ அவர்கள் குலுக்கலுக்கு விடவே இல்லை. பத்துப் படைத்தலைவர்களையும் கை உயர்த்தித் தேர்ந்தெடுத்தார்கள். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் நகரத்தின் நீரூற்றுகளைக் கவனிக்கும் அதிகாரியும் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவரே. தண்ணீர் விஷயத்தில் தெரியாதவர் கை வைக்கக் கூடாது என்பது தொட்டியும் டேங்கருமாகக் காலம் தள்ளும் நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் உத்திரமேரூரையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஊர்ப் பிரிவுகளான 30 குடும்புகளிலிருந்து குடவோலை எடுத்த முறையை விரிவாகச் சொல்கின்றன. வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். சொந்த நிலமும் வீடும் கல்வியும் வேண்டும். முன்பு வாரியம் என்ற நிர்வாகக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்தில் ஓலை இடத் தகுதியற்றவர்கள். அது ஒரு பிராமணச் சபை. ஏதென்ஸைப் போல ஏழைக்கும் இடம் தந்த ஏற்பாடு அல்ல. இருந்தும், குலுக்கலையும் கணக்கையும் ஒன்றாகக் கட்டிய அறிவு இரண்டு ஊருக்கும் பொதுவாக இருக்கிறது.

உங்கள் சொசைட்டியைப் பொறுத்தவரை, கமிட்டியைத் தேர்தல் மூலம் அமைக்க வேண்டும் என்பதே சட்டம். யார் வேட்பு மனு கொடுப்பது என்பதை மட்டும் உங்களுக்குள் குலுக்கிப் பார்த்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் ஆண்டுக் கணக்கை எல்லோர் முன்னும் படிப்பதையும் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாக்ரடீஸுக்கு நஞ்சு கொடுத்ததே அந்த மக்களாட்சிதானே? அதைப் போற்றுவது எப்படி? – கல்லூரி மாணவி, மாட்டுங்கா

பதில்: கொடுத்தது அதுதான்; மறுக்க வழியில்லை. கி.மு. 399-இல், 70 வயதான அவர்மீது நகரத்தின் தெய்வங்களை ஏற்கவில்லை, இளைஞர்களைக் கெடுத்தார் என்று குற்றம் சாட்டப்பட்டது. தீர்ப்பு வழங்கியவர்கள் சாதாரணக் குடிமக்கள், சுமார் 500 பேர். முப்பது வாக்குகள் இடம் மாறியிருந்தால் விடுதலை ஆகியிருப்பேன் என்று அவரே சொன்னதாகப் பிளேட்டோ எழுதுகிறார். பின்னணியையும் பார்க்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு முன்புதான் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் தோற்றிருந்தது. அதன் பின் ஆட்சியைப் பிடித்த முப்பது பேர் ஏராளமானோரைக் கொன்றார்கள்; அவர்களின் தலைவரான கிரிட்டியாஸ் முன்பு சாக்ரடீஸோடு பழகியவர். காயம் ஆறாத ஊர் அது. இது தீர்ப்பை நியாயப்படுத்தாது. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லும்.

சாக்ரடீஸ் குலுக்கல் முறையை ஏற்கவில்லை. கப்பலோட்டியை யாராவது அவரைக்கொட்டை போட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுப்பார்களா என்று அவர் கேட்டதாக அவருடைய நண்பர் செனபோன் பதிவு செய்திருக்கிறார். அதே குலுக்கல்தான் கி.மு. 406-இல் அவரை 500 பேர் மன்றத்தில் அமர்த்தியது. அர்கினூசேக் கடற்போரில் வென்ற படைத்தலைவர்கள், மூழ்கிய கப்பல்களில் இருந்தவர்களைப் புயலின் காரணமாக மீட்க முடியாமல் போனார்கள். அவர்கள் எல்லோரையும் ஒரே வாக்கெடுப்பில் விசாரித்துக் கொல்ல வேண்டும் என்று, குடிமக்கள் எல்லோரும் கூடும் பேரவை கொதித்தெழுந்தது. அது சட்டத்துக்குப் புறம்பானது என்று கடைசிவரை மறுத்து நின்றவர் சாக்ரடீஸ். தீர்மானம் நிறைவேறியது, ஊரில் இருந்த ஆறு தலைவர்கள் கொல்லப்பட்டார்கள். பின்னால் முப்பது பேர் ஆட்சியில், லியோன் என்ற நிரபராதியைப் பிடித்து வரச் சொன்னபோதும் அவர் இணங்காமல் வீட்டுக்குப் போனார். மக்களாட்சி தவறியபோதும் கொடுங்கோன்மை தவறியபோதும் ஒரே மாதிரி நின்ற மனிதர் அவர். அந்த ஊர் அவரைக் கொன்றது உண்மை. எழுபது வயதுவரை தெருவில் நின்று எவரையும் கேள்வி கேட்க விட்டிருந்ததும் அதே ஊர்தான். இரண்டையும் சேர்த்தே நான் ஏதென்ஸை நினைக்கிறேன்.

கேள்வி: மும்பைக் கோட்டைப் பகுதியில் உள்ள டவுன் ஹால் கிரேக்கக் கட்டடமா? – ஒரு வாசகர், சயான்

பதில்: பிரிட்டிஷார் கிரேக்கப் பாணியைப் பின்பற்றிக் கட்டி 1833-இல் முடித்தது, முகப்பில் நிற்பவை டோரிக் தூண்கள். ஏதென்ஸ் மக்கள் பேரவை கூடியதோ தூண் மண்டபத்தில் அல்ல, பினிக்ஸ் குன்றின் சரிவில், திறந்த வானத்தின் கீழ்.

கேள்வி: என் பாட்டனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு மும்பை வந்தவர். எங்களைப் போல வெளியூரிலிருந்து போனவர்களுக்கும், பெண்களுக்கும் அந்த மக்களாட்சியில் இடம் இருந்ததா? – ஒரு வாசகி, தாராவி

பதில்: இல்லை. எழுதும்போது எனக்கு வலிக்கிற பகுதி இது. நகரத்தின் செல்வத்தை ஈட்டிய லாரியம் வெள்ளிச் சுரங்கத்தில் உழைத்த அடிமைகளுக்கு எந்த உரிமையும் கிடையாது. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களை ‘மெட்டிக்’ என்றார்கள். ஆண்கள் ஆண்டுக்கு 12 திராக்மா வரி கட்ட வேண்டும். படையிலும் சேர வேண்டும். நிலமோ வீடோ வாங்க முடியாது, வாக்கும் இல்லை. பேரவை தனியே தீர்மானம் போட்டாலொழிய மூன்று தலைமுறை வாழ்ந்தாலும் மெட்டிக் மெட்டிக்தான். அரசியலைப் பற்றி அத்தனை எழுதிய அரிஸ்டாட்டிலும், ஸ்டகிராவில் பிறந்தவர் என்பதால், அந்நகரப் பேரவையில் ஒருநாளும் கை உயர்த்த முடியாதவர். குடிமக்களின் வீட்டுப் பெண்களுக்குத் திருவிழாக்களிலும் பூசாரிப் பதவிகளிலும் இடம் இருந்தது, பேரவையில் இல்லை.

கி.மு. 451-இல் ஏதென்ஸின் பெரும் தலைவரான பெரிக்ளீஸ் கொண்டுவந்த சட்டம் தாயும் தந்தையும் ஏதென்ஸ் குடியினராக இருந்தால்தான் பிள்ளை குடிமகன் என்றது. பின்னர் அவரோடு வாழ்ந்த அஸ்பேசியா, மிலேட்டஸ் ஊரிலிருந்து வந்த மெட்டிக் பெண். அவர்களுடைய மகன் அந்தச் சட்டத்தாலேயே குடியுரிமை அற்றவன் ஆனான். கொள்ளைநோயில் மற்ற இரு மகன்களையும் பறிகொடுத்த பிறகு, இந்த ஒரு பிள்ளைக்கு விலக்கு அளிக்கும்படி பெரிக்ளீஸ் மக்களிடம் மன்றாடினார். அவர்களும் மனம் இரங்கித் தந்தார்கள். தந்தையின் பெயரையே தாங்கிய அந்த மகன் வளர்ந்து படைத்தலைவனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான். அர்கினூசேப் போருக்குப் பின் கொல்லப்பட்ட ஆறு பேரில் அவனும் ஒருவன்.