துளிக் கணக்கு

வணக்கம் சார்,

உயர்நிலைப் பள்ளியில் பதினோரு வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். இந்த ஆண்டு எங்கள் பள்ளியில் ஒரு புது ஏற்பாடு. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ‘இதைப் படித்தால் என்னென்ன வேலைக்குப் போகலாம்’ என்று ஒரு பட்டியலைக் கரும்பலகையில் எழுத வேண்டும். முக்கோணவியலுக்குப் ‘பொறியாளர், விமானி, கட்டடக் கலைஞர்’. நான் எழுதுகிறேன், பிள்ளைகளும் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். ஒரு முகத்திலும் வெளிச்சம் வரவில்லை. கணக்கின் அழகில் மயங்கித்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். எல்லாவற்றையும் வேலையோடு முடிச்சுப் போட்டால் பாடம் என்ன ஆகும் என்று பயமாகவும் இருக்கிறது. ஆனால் “இது எதுக்கு மிஸ்?” என்று கடைசி பெஞ்சில் இருந்து கேட்கும் பையனுக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

அந்தப் பையன் கேட்டது நியாயமான கேள்வி. பட்டியலைக் காட்டி அவனுக்குப் பதில் சொல்ல முடியாது.

சில வருடங்களுக்கு முன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இரவு நான்தான் துணைக்கு இருந்தேன். ஒரு லிட்டர் சலைன், எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும் என்று டாக்டர் எழுதிவிட்டுப் போனார். நர்ஸ் வந்து பாட்டிலை மாட்டினார். கைக்கடிகாரத்தைத் துளி விழும் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி, உதடு அசைய எண்ணினார். சின்ன உருளையை இம்மியளவு தள்ளினார், மறுபடி எண்ணினார். என்ன எண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். “இந்த செட்டுல ஒரு மில்லிக்கு இருபது துளி சார். ஆயிரம் மில்லின்னா இருபதாயிரம் துளி. எட்டு மணி நேரம் நானூத்தி எண்பது நிமிஷம். வகுத்தா நிமிஷத்துக்கு நாப்பத்தி ரெண்டு வரும். கால் நிமிஷத்துக்குப் பத்தோ பதினொண்ணோ விழுதான்னு பார்க்கிறேன்” என்றார்.

பள்ளியில் நாம் போட்ட குழாயும் தொட்டியும் கணக்குதான் இது. வகுத்தால் உண்மையில் 41.67 வரும். அரைகுறைத் துளியை விழவைக்க முடியாது, அதனால் 42. தசமத்தை முழு எண்ணாக்குவது ஏன் என்று பாடப்புத்தகம் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை. இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தார். பாட்டிலில் 750 இருக்க வேண்டும், 800 இருந்தது. அம்மா கையை மடக்கிப் படுத்திருந்ததால் வேகம் குறைந்துவிட்டது. மிச்சம் 800, இருப்பது இன்னும் ஆறு மணி நேரம். நிமிடத்துக்கு 44 என்று வந்தது. ஆனால் அவர் உடனே கூட்டிவிடவில்லை. இந்த வயதில், இந்த இதயத்துக்கு வேகத்தைக் கூட்டலாமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் உருளையைத் தொட்டார்.

இதை அப்படியே வகுப்பில் வையுங்கள். பாடம் முடிந்தபின் வேண்டாம், விகிதத்தைத் தொடங்கும்போதே வையுங்கள். ஒரு லிட்டர் பாட்டில், ஒரு கடிகாரம், மில்லிக்கு இருபது துளி, எட்டு மணி நேரம் என்று மட்டும் சொல்லிவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை துளி என்று கேளுங்கள். ‘செவிலியர்’ என்ற சொல்லை நீங்கள் எழுதவே வேண்டாம், பிள்ளைகளே சொல்வார்கள். பட்டியலில் இருப்பது வேலையின் பெயர் மட்டும். அந்த வேலையில் இருப்பவர் காலையில் எதை அளக்கிறார், எங்கே தடுமாறுகிறார், எது தப்பினால் ஆபத்து என்பது அதில் இல்லை.

இந்த யோசனை புதிதும் அல்ல. இங்கிலாந்தில் கேட்ஸ்பி அறக்கட்டளை 2014-ல் பள்ளிகளின் தொழில் வழிகாட்டலுக்கு எட்டு அளவுகோல்களை வகுத்தது. அதில் நான்காவது இதுதான்: பாடத்தையும் வேலையையும் இணைப்பது எல்லாப் பாட ஆசிரியர்களின் பொறுப்பு. வருடத்துக்கு ஒருநாள் யாரோ வந்து பேசிவிட்டுப் போவதோடு அது தீராது.

அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து செய்ய இன்னொன்று சொல்கிறேன். 1983 ஜூலை 23, கனடாவில் ஒரு போயிங் 767. எரிபொருள் அளவுமானி வேலை செய்யவில்லை, அதனால் தொட்டியில் இருப்பதை லிட்டரில் அளந்து எடையைக் கணக்கிட்டார்கள். நாடு அப்போதுதான் மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. ஒரு லிட்டர் சுமார் 0.8 கிலோ என்று போட வேண்டிய இடத்தில் 1.77 என்று போட்டார்கள். அது ஒரு லிட்டர் எத்தனை பவுண்டு என்பதற்கான எண். சுமார் 20,000 லிட்டர் நிரப்ப வேண்டிய விமானத்தில் 5,000 லிட்டருக்கும் குறைவாக நிரப்பினார்கள். நடுவானில் இரண்டு இன்ஜினும் நின்றன. கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் விமானி அதைச் சறுக்கியே இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள்.

அடர்த்தி என்ற பாடம் அவ்வளவும் இந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தக் கணக்கு எத்தனை பேர் கை வழியாகப் போனது என்பதுதான். எரிபொருள் நிரப்புகிறவர், மெக்கானிக், துணை விமானி, விமானி. உங்கள் பட்டியலில் விமானி மட்டும்தான் இருக்கிறார். வீட்டிலும் டிவியிலும் பார்த்த பத்துப் பன்னிரண்டு வேலைகள்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியும். அதில் தனக்கு இடம் இல்லை என்று நினைக்கிற பிள்ளை பாடத்தையும் சேர்த்துக் கைவிடுகிறது. அந்த மெக்கானிக்கையும் காட்டுங்கள்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். அதில் உண்மை இருக்கிறது. ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி, பகா எண்கள் போன்றவற்றை ஆராயும் எண்கோட்பாட்டால் போருக்கு ஒரு பயனும் இல்லை என்று 1940-ல் நிம்மதியோடு எழுதினார். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் பகா எண்களை வைத்து ஒரு ரகசியக் குறியீட்டு முறையை உருவாக்கினார்கள். இணையப் பாதுகாப்பின் தூண்களில் ஒன்றாக அது நின்றது. எந்தப் பாடம் எப்போது யாருக்குச் சோறு போடும் என்று ஹார்டிக்கே தெரியவில்லை. ஆகவே “இதைப் படி, இந்த வேலை கிடைக்கும்” என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். பகா எண்களை நடத்தும்போது அழகுக்காகவே நடத்துங்கள். எல்லாப் பாடத்துக்கும் ஒரு வேலையை ஒட்டவைக்க வேண்டியதில்லை. பருவத்துக்கு இரண்டோ மூன்றோ போதும், அவை நிஜமாக இருக்கட்டும்.

அந்த நிஜத்துக்கு எங்கே போவது என்றால், பெற்றோரிடம் போங்கள். ஒரு தாளில் இரண்டே கேள்வி எழுதி அனுப்புங்கள்: நேற்று வேலையில் எதை அளந்தீர்கள்? அந்த அளவு தப்பினால் என்ன ஆகும்? தையல்காரரும் எலக்ட்ரீஷியனும் லாரி ஓட்டுநரும் எழுதி அனுப்புவதில் உங்களுக்கு ஒரு வருடத்துக்கான கணக்குகள் இருக்கும். கடைசி பெஞ்ச் பையன் வீட்டுத் தாளை முதலில் எடுத்துப் பாருங்கள்.