பருப்பு கேட்டேன், சிவப்பாய் அளந்தார்கள்

கேள்வி: அம்மா, திருமணமாகி மதுரையில் இருந்து இலங்கையில் ஹட்டனுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கடையில் எல்லோரும் தமிழ்தான் பேசுகிறார்கள், சாமான்தான் புரியவில்லை. பருப்பு கேட்டால் சிவப்பாய் ஒன்றை அளக்கிறார்கள். ஜாடியில் விறகுத் துண்டு போல ஒன்று, பக்கத்தில் கறுப்புத் தோல் போல ஒன்று, கீரைக்காரியிடம் புல் போல நீளமான இலை. இது என்ன என்று கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?
– வாசகி, ஹட்டன்

பதில்: மகளே, கடிதத்தைப் படித்ததும் என் அத்தையின் நினைவு வந்தது. மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில், எழுபதுகளில் டிக்கோயாவில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறிக் கோத்தகிரிக்குப் போனவர். அங்கிருந்து எழுதிய முதல் கடிதத்தில் ஊர் நலம் விசாரித்தது இரண்டு வரி. மீதியெல்லாம் கடைப் புலம்பல். "பருப்பு கேட்டால் மஞ்சளாய்த் தருகிறார்கள், அடுப்பில் வைத்தால் வேகவே மாட்டேன் என்கிறது. மாசிக்கு எங்கே போவேன்?" அவர் போன வழியில் நீங்கள் எதிரே வந்திருக்கிறீர்கள்.

இங்கே வெறும் பருப்பு என்றால் மைசூர்ப் பருப்புத்தான். உங்களுக்கு வேண்டியதைத் துவரம் பருப்பு என்று முழுப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆனால் சிவப்பையும் ஒதுக்காதீர்கள். குக்கர் தேவையில்லை, கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குங்கள். சாம்பார் மட்டும் வைத்துவிடாதீர்கள். நான் வைத்துப் பார்த்தேன், கஞ்சியாகிவிட்டது.

விறகுத் துண்டுதான் மாசி. சூரை மீனை அவித்து, புகையூட்டி, கல்லாகும் வரை வெயிலில் காயவைத்தது. முழுத்துண்டாக வாங்கி அம்மியோடு மல்லுக்கட்ட வேண்டாம், இடித்ததையே ஐம்பது கிராம் கேளுங்கள். நம் மழைக்குப் பூஞ்சணம் பிடிக்கும், இறுக்கமான போத்தலில் போடுங்கள். செத்தல் மிளகாய் (உங்கள் காய்ந்த மிளகாய்தான்), சின்ன வெங்காயம், உப்பு, ஒரு கரண்டி மாசி சேர்த்து இடித்து, தேசிக்காய் (எலுமிச்சை) பிழிந்தால் கட்டா சம்பல். சுடச்சுடத் தேங்காய் ரொட்டி இருந்தால் வேறு கறி வேண்டாம். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் இதைக் கட்டிக்கொண்டுதான் மலையேறினார்கள்.

கறுப்புத் தோல் கொரக்காப்புளி. பெயரைக் கேட்டு, உங்கள் ஊர்ப் பிள்ளைகள் மரத்தில் பறித்துத் தின்னும் கொடுக்காப்புளி என்று நினைத்துவிடாதீர்கள்; அது இனிக்கும், இது பல்லைக் கூசவைக்கும். மலையாளத்துக் குடம்புளியின் உறவு. இரண்டு சுளையைக் கழுவி வெந்நீரில் ஊறவைத்து மீன்கறியில் போடுங்கள். மிளகோடு இதை அரைத்து மீனில் பூசிச் சிங்களவர்கள் வைக்கும் அம்புல் தியல், குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே சில நாள் கெடாது.

புல் என்றீர்களே, அது ரம்பை. இரண்டு அங்குலத் துண்டு, கறிவேப்பிலையோடு எண்ணெயில் போடுவதற்கு. மெல்லக் கூடாது. கீரைக்காரி "முகுணுவென்ன", "கொட்டுகொல" என்று கூவினால் மிரளாதீர்கள். முன்னது உங்கள் பொன்னாங்கண்ணி, பின்னது வல்லாரை.

வெட்கப்படவும் வேண்டாம். பெயர் தெரியாவிட்டால் "மீன்கறிக்குப் புளிப்புக்கு என்ன போடுவீர்கள்?" என்று கேளுங்கள். முதலாளி சொல்வதற்கு முன்பே வரிசையில் நிற்கும் நான்கு பெண்கள் நான்கு விதமாகச் சொல்வார்கள். தோட்டத்தில் சம்பளம் போட்ட வாரத்துச் சனி, ஞாயிறு மட்டும் போகாதீர்கள். அன்று பெயர் தெரிந்த எங்களுக்கே பதில் கிடைக்காது.

கேள்வி: கித்துள் பாணி என்கிறார்களே, அது நம் பனைவெல்லத்தைக் கரைத்ததுதானே?
– அதே வாசகி

பதில்: இல்லை. கித்துள் என்பது உங்கள் ஊர்க் கூந்தற்பனை. அதன் பாளையைச் சீவி வடித்த பதநீரைக் காய்ச்சினால் பாணி, இன்னும் இறுகக் காய்ச்சினால் கருப்பட்டி. எருமைத் தயிரின் மேல் ஊற்றிச் சாப்பிடுங்கள். நல்ல பாணியில் மெல்லிய புகை வாசம் இருக்கும். சீனிப்பாகு கலந்து விற்பதும் உண்டு. நானே ஒருமுறை வழியோரத்தில் ஏமாந்து, ஒரு போத்தல் சீனித் தண்ணீரை வீடுவரை பத்திரமாகத் தூக்கி வந்தேன். விரலில் ஒரு சொட்டு விடக் கேளுங்கள். முகம் சுளிப்பவரிடம் வாங்காதீர்கள்.