அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், வீட்டுப் பட்டாவை என் பெயருக்கு மாற்றினால் மட்டும் போதுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: வீடு அப்பா சம்பாதித்துக் கட்டியது, உயில் இல்லை, வீட்டில் அம்மாவும் நீங்களும், அக்கா கல்யாணமாகிப் போய்விட்டார், பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்ததா, அக்கா கையெழுத்து கட்டாயமா. கேள்வியின் கடைசியில் "அப்பாவைப் பெற்ற பாட்டியும் எங்களோடுதான் இருக்கிறார்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பார்த்துதான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நேரடிப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பட்டா போதாது, அக்கா கையெழுத்து வேண்டும், பாட்டி கையெழுத்தும் வேண்டும். பாட்டியுடையதை முதலில் வாங்குங்கள்.

1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொத்தில் மனைவி, மகன், மகள், இவர்களோடு அவரைப் பெற்ற தாய்க்கும் சம பங்கு உண்டு. தாய் முதல் வகுப்பு வாரிசு. தந்தை உயிரோடு இருந்தாலும் அவர் இரண்டாம் வகுப்புதான். "அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும்தானே சொத்து" என்று நினைக்கிற நிறையக் குடும்பங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். உங்கள் வீட்டில் அம்மா, நீங்கள், அக்கா, பாட்டி என நான்கு பேர், ஆளுக்குக் கால் பங்கு. அக்காவுக்கு எந்த வருடம் கல்யாணம் ஆனது, எவ்வளவு நகை போட்டீர்கள் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வரவே வராது. 1989, 2005 என்று பலர் சொல்வது பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்களுக்குக் கிடைத்த உரிமையைப் பற்றியது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கு 1956இலிருந்தே பங்கு இருக்கிறது.

(நீங்கள் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்தால் கணக்கே வேறு. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் வருடச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு, பிள்ளைகள் இருந்தால் தாய்க்குப் பங்கு இல்லை. முஸ்லிம் சட்டத்தில் பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்கு ஆறில் ஒன்று, மனைவிக்கு எட்டில் ஒன்று.)

இனி எங்கள் வீட்டில் நடந்தது. அப்பா 2012 ஆகஸ்டில் தவறினார். அப்பத்தாவுக்கு, அதாவது அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு, அப்போது எண்பதைத் தாண்டியிருந்தது. வாரிசு சான்றிதழில் அம்மா, நான், தங்கச்சி, அப்பத்தா என நான்கு பெயரும் வந்தன. பத்திரம் எழுதுபவர் அதைப் பார்த்ததுமே, "பெரியம்மா நல்லா இருக்கும்போதே ஒரு விடுதலைப் பத்திரம் போட்டுருங்க தம்பி" என்றார். விடுதலைப் பத்திரம் என்றால் தன் பங்கை மற்ற பங்குதாரர்களுக்கு விட்டுக் கொடுத்து எழுதும் பத்திரம். அப்பத்தாவிடம் சொன்னேன். "எங்கெ கைநாட்டு வைக்கணுமோ கூட்டிட்டுப் போடா, எனக்கு எதுக்கு வீடு" என்றது. நாங்கள்தான் தலைத்திவசம் முடியட்டும் என்றோம், பிறகு தங்கச்சிக்குப் பிரசவம் முடியட்டும் என்றோம், அதற்குள் அப்பத்தா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் ஆகிவிட்டது, ஆபீஸ் வரைக்கும் எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்று விட்டுவிட்டோம். 2014 ஜனவரியில் போய்ச் சேர்ந்தது.

அப்பத்தா இறந்ததும் அந்தக் கால் பங்கு எங்களிடம் திரும்பி வரவில்லை. கணவர் உயிரோடு இல்லாத பெண் ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால் இப்படிப்பட்ட சொத்து அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். அப்பத்தாவுக்கு எங்கள் அப்பா போக ஒரு சித்தப்பா, இரண்டு அத்தை. வீட்டு மதிப்பை 32 லட்சம் என்று வைத்துக்கொண்டால் அப்பத்தா பங்கு 8 லட்சம். அது நான்காகப் பிரிந்து சித்தப்பாவுக்கு 2 லட்சம், அத்தைகளுக்கு ஆளுக்கு 2 லட்சம், அப்பா வழிக்கு உள்ள 2 லட்சம் எனக்கும் தங்கச்சிக்கும். அந்தப் பங்கில் அம்மாவுக்கு எதுவும் கிடையாது, அம்மா அப்பத்தாவுக்கு மருமகள்தானே. நான்கு கையெழுத்தில் முடிய வேண்டிய வீட்டில் ஆறு பேர் பங்காளி ஆகிவிட்டோம்.

சித்தப்பா ஒரு வார்த்தை பேசாமல் வந்து போட்டுக் கொடுத்தார். சின்னத்தை மும்பையில் இருந்ததால் தனக்காக இங்கே வேறொருவர் கையெழுத்துப் போட, அங்கே உள்ள சார்பதிவாளர் முன்னால் பவர் எழுதிப் பதிந்து அனுப்பினார். பெரியத்தை போடுகிறேன் என்றுதான் சொன்னார், அவர் பையன்கள் "எங்கம்மாவுக்குச் சட்டப்படி உள்ளதை ஏன் சும்மா விடணும்" என்றார்கள். அவர்கள் கேட்டதில் தப்பு இல்லை, அது அவர்களுடைய உரிமை. ஆனால் அந்தப் பேச்சு முடிய இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷமும் பெரியத்தை எங்கள் வீட்டு வாசலுக்கு வரவில்லை. கடைசியில் அவர் பங்குக்குப் பணம் கொடுத்து 2016இல் பத்திரம் போட்டோம். பதிவு ஆபீஸில் பெருவிரலில் ஒட்டிய மையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "அம்மா இருக்கும்போதே செஞ்சிருக்கலாம்லடா" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்றைக்கு எங்களுக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நடக்க முடியாதவர்களுக்காகச் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்ய பதிவுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தனியாக மனு கொடுத்து, அதற்கென உள்ள கட்டணம் கட்ட வேண்டும். உங்கள் பாட்டி படுக்கையில் இருந்தாலும் சுயநினைவோடு, என்ன எழுதிக் கொடுக்கிறோம் என்று புரிந்து சொன்னால் போதும். உயில் எழுதி வாங்கலாமா என்று கேட்பீர்கள். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டால் உயில் செல்லும், பதிவுகூடக் கட்டாயமில்லை. ஆனால் பாட்டி காலத்துக்குப் பிறகு அதை யாராவது கேள்வி கேட்டால் அந்தச் சாட்சிகளில் ஒருவரையாவது தேடிப் பிடித்துக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். விடுதலைப் பத்திரம் பதிவான அன்றே முடிந்துவிடும். இருபது ரூபாய்ப் பத்திரத்தாளில் எழுதி வாங்கி பீரோவில் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், பதிவு செய்யாத விடுதலைப் பத்திரத்தால் வீட்டில் உள்ள பங்கு கை மாறாது.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலை, செட்டில்மெண்ட், பாகப்பிரிவினைப் பத்திரங்களுக்கு மதிப்பில் ஒரு சதவீதம் முத்திரைத்தீர்வை, ஒரு சதவீதம் பதிவுக் கட்டணம், இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் உயர்த்தியபடி முத்திரைத்தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். எழுத்துக் கூலி தனி.

பட்டா வருவாய்த்துறைக் கணக்கு, அவ்வளவுதான். பட்டாவில் உங்கள் பெயர் மட்டும் ஏறிவிட்டால் அக்காவின் கால் பங்கு எங்கேயும் போய்விடாது. நாளைக்கு வீட்டை விற்கவோ வங்கியில் கடன் கேட்கவோ போனால் அவர்கள் வக்கீல் முதலில் கேட்பது வாரிசு சான்றிதழைத்தான், அதில் அக்கா பெயர் இருக்கும்.

அக்காவிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள், யார் மூலமாகவும் சொல்லி அனுப்பாதீர்கள். என் தங்கச்சியிடம் நான் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை எடுத்துக் காட்டி, உன் பங்கு இவ்வளவு வருகிறது, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். அவள் பாதியை வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தாள். மாப்பிள்ளைக்கும் எல்லாம் தெரிந்தே நடந்தது. "ஒரு கையெழுத்துதானே, வந்து போட்டுட்டுப் போ" என்று மட்டும் கூப்பிடாதீர்கள். அவர் விட்டுக் கொடுக்கப் போவது ஒரு வீட்டின் கால்வாசியை.

அம்மா விஷயத்தில் அவசரமே வேண்டாம். அம்மா பங்கை அவர் பெயரிலேயே விட்டுவிடலாம், எங்கள் வீட்டில் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. எழுதித்தான் கொடுப்பேன் என்று அவர் சொன்னால், கடைசிவரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையும் அவரைக் கவனித்துக்கொள்ளும் நிபந்தனையும் பத்திரத்திலேயே வரட்டும். அப்படி எழுதியிருந்தால், பின்னால் கவனிப்பு இல்லாமல் போனால் 2007ஆம் வருட முதியோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் போய்ப் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேட்க அவருக்கு வழி இருக்கும்.

சரி, வேலையை எங்கே தொடங்குவது? இறப்புச் சான்றிதழ், எல்லோருடைய ஆதார், குடும்ப அட்டை எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) விசாரணைக்கு வரும்போது பாட்டி பெயரை விடாமல் சொல்லுங்கள். விட்டுவிட்டு வாங்கினால் அந்தச் சான்றிதழே பின்னால் வம்பு. அது கைக்கு வந்ததும் அப்பாவின் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் இரண்டையும் பத்திரம் எழுதுபவரிடம் காட்டி, பாட்டி பத்திரத்தை முதலில் பதிந்துவிடுங்கள், அக்காவுடையது பேசி முடித்த பிறகு வரட்டும். அப்புறம் பட்டா, வீட்டு வரி, ஈபி எல்லாம் ஒவ்வொன்றாக மாறிவிடும்.