மாப்பிள்ளை புடவை கட்டியிருக்கிறார்!

கேள்வி: நாங்கள் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து விசைத்தறித் தொழிலுக்காக நகரியில் குடியேறியவர்கள். என் மகளுக்குத் திருப்பதியிலிருந்து நல்ல வரன் வந்திருக்கிறது. நிச்சயம் பேசும் நேரத்தில் என் கொழுந்தனார் ஒரு புகைப்படத்தைக் காட்டினார். போன வருஷம் திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரையில், அதாவது அம்மன் திருவிழாவில், எடுத்ததாம். அதில் மாப்பிள்ளை பட்டுப்புடவை, சடை, மூக்குத்தி, கை நிறைய வளையலோடு நிற்கிறார்! "வேஷத்தில்தான் சுபாவம் தெரியும், யோசியுங்கள்" என்கிறார் கொழுந்தனார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. - ஒரு தாய், நகரி

பதில்: அம்மா, உங்கள் கொழுந்தனார் அந்த ஜாத்திரையை ஒருமுறையாவது நேரில் பார்த்திருக்கிறாரா? மே மாதத்தில் தாத்தய்யகுண்டா கங்கம்மா கோயில் தெருவில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். மீசையை எடுக்காமலே பொட்டு வைத்துக்கொண்ட பெரியவர்கள் வரிசையில் நிற்பார்கள். எல்லோருடைய சுபாவத்தையும் ஆராய்ந்தால் திருப்பதியில் ஒருவருக்கும் பெண் கிடைக்காது.

கதை இதுதான். பெண்களைத் துன்புறுத்திய ஒரு பாளையக்காரனை அழிக்கக் கங்கம்மா வந்தாள். அவன் ஒளிந்துகொண்டான். இவள் பைராகி (சந்நியாசி), பண்ட (முரடன்), தோட்டி என்று நாளுக்கொரு வேஷத்தில் தேடினாள். தொர, அதாவது துரை வேஷத்தில் வந்தபோது, யாரோ பெரிய மனிதர் என்று நம்பி அவன் வெளியே வந்தான், ஒழிந்தான். அந்த வேஷங்களைத்தான் இன்றும் வரிசை தவறாமல் கட்டுகிறார்கள். ஆண்கள் புடவை கட்டுவது அம்மனுக்கு நேர்த்திக்கடன். பல வீடுகளில் வேண்டிக்கொள்வது தாய், கட்டுவது மகன். இதில் பையனின் விருப்பம் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

கேரள எல்லையில் இருக்கும் வாசகர்கள் இதற்குள் கதகளியை நினைத்திருப்பார்கள். அங்கே பச்சை வேஷம் என்றால் உத்தமன், கத்தி வேஷம் என்றால் ராவணனைப் போல ஆணவக்காரன் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். அது பாத்திரத்தின் சுபாவம். ராவணனாக ஆடுகிறவருக்கு யாரும் பெண் கொடுக்காமலா இருந்தார்கள்?

ஆனாலும் கொழுந்தனார் சொன்னதில் ஒரு பொட்டு உண்மை இருக்கிறது. 1976-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. பிள்ளைகள் வேஷம் கட்டி வீடு வீடாகப் போகும் ஹாலோவீன் இரவில் சியாட்டில் நகரத்தின் 27 வீடுகளுக்கு மிட்டாய் கேட்டு வந்த சிறுவர்களிடம், "ஆளுக்கு ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டு மறைந்திருந்து கவனித்தார்கள். பெயரும் வீடும் கேட்கப்படாமல், கூட்டமாகவும் வந்த பிள்ளைகள்தான் அதிகமாகக் கைவைத்தார்கள். வேஷத்தைவிட, நம்மை யாருக்கும் தெரியாது என்ற தைரியம்தான் ஆளைக் காட்டுகிறது. ஜாத்திரையில் அந்தத் தைரியத்துக்கு வழியே இல்லை. புடவைக்குள் இருப்பது யார் வீட்டுப் பிள்ளை என்று தெருவுக்கே தெரியும்.

எனவே புடவையை விடுங்கள். அதைக் கட்டிக்கொண்டு அவர் என்ன செய்தார் என்று விசாரியுங்கள். கும்பிட்டுவிட்டு வந்தாரா, நண்பர்களோடு சேர்ந்து பெண்கள் நடையைக் கேலி செய்து ஆடினாரா? இரண்டாவது என்றால் நானே உங்களை யோசிக்கச் சொல்வேன். பெண்களைச் சீண்டியவனைக் கொன்றவளின் வாசலில் நின்று அப்படிச் செய்கிறவனிடம் பெண்ணைக் கொடுக்க மனம் வராது. கும்பிட்டார் என்பதற்காக உடனே உருகிவிடவும் வேண்டாம். என் உறவில் ஒருவர் வருஷம் தவறாமல் வேஷம் கட்டுவார். மற்ற நாளெல்லாம் குடிக்கிற தண்ணீர்கூட மனைவி கையில்தான் வரவேண்டும்.

கொழுந்தனார் வேறு எதையோ மறைமுகமாகச் சொல்ல வருகிறார் என்றால், அதற்கும் இந்தப் படம் சாட்சியாகாது. உங்கள் மகள் அந்தப் பையனோடு தனியாகப் பேசட்டும். வேண்டியதை அவளே கேட்டுத் தெரிந்துகொள்வாள். படத்தை அவளிடம் காட்டினீர்களா? கடிதத்தில் அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லையே.

அப்புறம் ஒன்று. தறிக்காரர் வீட்டம்மா நீங்கள். அந்தப் பட்டு எந்த ஊர் நெசவு, ஜரிகை அசலா என்று வாய்வரை வந்திருக்கும். அதை நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு சம்பந்தியம்மாவிடம் கேளுங்கள்.