முயல் வலை: தொய்வின் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதிக்கு வந்து இரண்டு வருடமாகிறது. தெட்ஃபோர்ட் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு. பக்கத்துப் பண்ணைக்காரர் முயல் பிடிக்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போனார். வளைகளின் வாயில் சின்னச் சின்ன வலைகளைப் போட்டுவிட்டு, உள்ளே ஃபெரட் என்ற கீரியை விடுகிறார்கள். அவர் கொடுத்த ஊசியையும் நூலையும் வைத்து நானும் ஒரு வலை பின்னினேன். பார்க்க நன்றாகத்தான் வந்தது. ஆனால் வளையின் வாயில் கட்டிவைத்தால் முயல் முட்டிவிட்டு உள்ளே திரும்பிவிடுகிறது, வலை மூடுவதில்லை. சில முடிச்சுகள் நகர்ந்து, ஒரு கண் பெரிதாகவும் பக்கத்துக் கண் சிறிதாகவும் ஆகிவிட்டன. அவருடைய தாத்தா காலத்து நூறு கஜ வலை ஒன்றும் கொட்டகையில் தொங்குகிறது. ராத்திரியில் வயலோரம் கட்டுவார்களாம். பொறியும் இல்லை, சுருக்கும் இல்லை. ஓடிவரும் முயலை வெறும் வலை எப்படி நிறுத்தும்? நம் ஊர் முயல் வலையும் இதுவும் ஒன்றுதானா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

கோளாறு என்ன என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ‘வளையின் வாயில் கட்டிவைத்தால்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வலையைக் கட்டக் கூடாது, போர்த்த வேண்டும். விறைப்பாக இழுத்துக் கட்டிய வலை கயிற்றுக் கட்டில் மாதிரி முயலைத் திருப்பி எறிந்துவிடும். நூலைவிட, நூலில் விட்டுவைத்த தொய்வுதான் முயலைப் பிடிக்கிறது. கொட்டகையில் தொங்கும் நூறு கஜ வலைக்கும் இதே கணக்குதான்.

(ஃபெரட் கீரி இனம் இல்லை. நீர்நாய்க்குத்தான் அது உறவு.)

சிறிய வலையை முதலில் பார்ப்போம். நம் பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பையேதான் அது. சுருக்குப்பையில் நாம் கயிற்றை இழுக்கிறோம், வாய் மூடுகிறது. இங்கே கயிறு முளையில் அசையாமல் நிற்கிறது. முயல் பையை இழுத்துக்கொண்டு ஓடி, தானே வாயை மூடிக்கொள்கிறது. உறுப்புகள் நான்கு: இரண்டு உலோக வளையங்கள், அவற்றுக்கு நடுவே வலைத்துண்டு, ஓரங்களில் ஓடும் இழுகயிறு, மர முளை.

பின்னுவதற்கு 2 அங்குல அகலமுள்ள தட்டையான கட்டை போதும். கண்ணின் ஒரு பக்கம் 2 அங்குலம் வரும். இந்த அளவு ஏதோ பழக்கத்தால் வந்ததில்லை. 2¼ அங்குலத்தைத் தாண்டினால் இளைத்த முயல் நழுவிப் போய்விடும். மிகவும் குறைத்தால், வெளியே வரும் ஃபெரட் வலையில் மாட்டிக்கொண்டு அதை இழுத்து மூடிவிடும். 2 அங்குலக் கண்ணில் ஃபெரட் வலையைக் குலைக்காமல் புகுந்து வந்துவிடும். நூல், முறுக்கிய நைலான் நூலாக இருக்கட்டும். மீன்வலைக்கான ஒற்றை இழை வழவழப்பு நூல் வேண்டாம். அதில் முடிச்சு நிற்காது. முன்பு சணல் இனத்து நூலில்தான் எல்லாம் பின்னினார்கள். அது கையில் பிடிப்பாக இருக்கும், தரையில் நன்றாகப் படியும், ஈரத்தோடு சுருட்டிவைத்தால் ஒரே பருவத்தில் மக்கிவிடும்.

முதல் வளையத்தில் 18 கண்கள் ஏற்றுங்கள். ஒவ்வொன்றும் கட்டையைச் சுற்றி வந்து வளையத்தில் முடிச்சாக நிற்க வேண்டும். வரிசை முடிந்ததும் திருப்பிப் பிடித்து அடுத்த வரிசை. குழாயாகச் சேர்க்காதீர்கள், பாய் மாதிரி தட்டையாகவே போகட்டும். ஒவ்வொரு வரிசையும் நீட்டிப் பிடித்தால் 2 அங்குலம் சேர்க்கும். ஆக 20 வரிசைக்கு 40 அங்குலம், மூன்றேகால் அடிக்குச் சற்று மேல். பெரிய வாயுள்ள வளைகளுக்கு 24 வரிசை போட்டு நாலடியாக்கலாம். கடைசி வரிசைக் கண்கள் எல்லாவற்றையும் இரண்டாவது வளையத்தில் கோத்துக் கட்டிவிடுங்கள். 18 கண், 20 வரிசை என்றால் 360 முடிச்சு. கண்ணுக்கு 4 அங்குலம், முடிச்சுக்கு ஒன்றரை அங்குலம் என்று வைத்தால் ஒரு வலைக்கு 50 மீட்டர் நூல் ஆகும்.

இப்போது உங்கள் நகரும் முடிச்சுகள். நூலைக் கட்டைக்கு முன்னால் இறக்கி, பின்பக்கமாக ஏற்றி, மேல் வரிசைக் கண்ணுக்குள் நுழைத்து இழுக்கிறீர்கள். மேல் கண்ணின் அடிநுனி கட்டையின் மேல் விளிம்பைத் தொட்டதும் இடது கட்டைவிரல் அந்த இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு நூலை இடப்பக்கம் வளைத்து எறிந்து, ஊசியை மேல் கண்ணின் இரு கால்களுக்கும் பின்னால் வலமிருந்து இடமாகச் செலுத்தி, எறிந்த வளைவுக்குள் எடுத்து இறுக்க வேண்டும். முடிச்சு இறுகி முடியும்வரை கட்டைவிரல் எழும்பக் கூடாது. அரை நொடி முன்னால் எழும்பினாலும் சுருக்கு மேல் கண்ணின் கால்களைக் கவ்வாமல் கீழே நழுவிவிடும். பார்த்தால் முடிச்சு மாதிரியே இருக்கும், இழுத்தால் ஓடும். பெரும்பாலானவர்கள் முதல் வலையில் பறிகொடுப்பது இங்கேதான். நைலான் அப்படியும் நழுவினால் ஊசியை இரண்டு முறை சுற்றி எடுங்கள். நகர்ந்த முடிச்சைப் பிறகு சரிசெய்ய முடியாது; அந்தக் கண்ணை வெட்டி எடுத்துப் புதிதாகப் பின்னுவதுதான் வழி.

இழுகயிறு மூன்று மீட்டர். பின்னிய நைலான் கயிறு, கொஞ்சம் விறைப்பானதாக. கயிற்றின் நடுப்பகுதி கீழ் வளையத்துக்குள் இருக்கட்டும். ஒரு பாதி இடது ஓரக் கண்கள் ஒவ்வொன்றின் வழியாகவும் மேலே போகும், மறுபாதி வலது ஓரத்தில். இரண்டு நுனியும் மேல் வளையத்துக்குள் புகுந்து வெளியே வந்து முளையில் கட்டப்பட வேண்டும். வளையத்தில் கயிற்றை முடிந்துவிட்டால் எல்லாம் போச்சு. உங்கள் வலை மூடாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். வளையத்தின் விட்டம் ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தாலும் இரட்டைக் கயிறு சிக்கும். வீட்டிலேயே சோதித்துவிடலாம். முளையை ஆணியில் மாட்டி, வலையின் நடுவில் ஒரு துணிப்பந்தை வைத்து இழுங்கள். இரண்டு வளையமும் ஒன்றையொன்று முட்ட வேண்டும். பாதியில் நின்றால் எந்தக் கண் கயிற்றைக் கடிக்கிறது என்று பாருங்கள்.

முளை ஆறங்குலம் போதும் என்பார்கள். அது களிமண் நிலத்துக்கு. உங்கள் பகுதி பிரெக்லாண்ட், கைவைத்தால் சரியும் மணல். அங்கே ஒன்பது பத்து அங்குலம் வேண்டும். முளையை வளைக்கு மேல்புறம், இடிந்துவிழும் உதட்டைவிட்டு ஓரடி தள்ளி அடியுங்கள். கீழ் வளையத்தை வளைவாயின் கீழ் உதட்டுக்குச் சற்று உள்ளே தள்ளுங்கள். வலையைப் பரப்பி, ஓரங்கள் வாயைத் தாண்டி அரைச் சாண் தரையில் கிடக்கும்படி விடுங்கள். நடுவில் இருக்கும் தொய்வை விரலால் லேசாக உள்நோக்கி அழுத்துங்கள். வேர், முள், காய்ந்த தண்டு எது கயிற்றில் பட்டாலும் அகற்றுங்கள். ஒரே ஒரு நெருஞ்சி அளவு முள் போதும், வலை மூடாமல் போக.

பன்னிரண்டு வாய் இருந்தால் பன்னிரண்டையும் மூட வேண்டும். புல்லுக்குள் மறைந்த ஒன்றை விட்டுவிட்டால் முயல்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். கையில் நான்கைந்து வலை உபரியாக இருக்கட்டும். ஒரு முயல் விழுந்ததும் அதை எடுக்க உட்காராதீர்கள். முதலில் அந்த வாயில் உபரி வலையைப் போடுங்கள். அடுத்த முயல் பின்னாலேயே வரும். பேச்சும் காலடி அதிர்வும் குறைவாக இருக்க வேண்டும். மேலே ஆள் நிற்பது தெரிந்தால் முயல் வெளியே வராது, உள்ளேயே மூலையில் ஒடுங்கும். ஃபெரட் அதை அங்கேயே கொன்று, தின்று, தூங்கிவிடும். பிறகு மண்வெட்டிதான். ஃபெரட்டின் கழுத்துப்பட்டையில் சமிக்ஞைக் கருவி கட்டுவது அதற்காகவே. நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை பருவம் என்பதற்கும் காரணம் இதுதான். வசந்தத்தில் உள்ளே குட்டிகள் கிடக்கும். ஃபெரட் அங்கேயே தங்கிவிடும்.

இனி நூறு கஜ வலை. அதன் வேலை வேறு. முயல் இரவில் காட்டிலிருந்து வெளியேறி வயலில் மேயும். அது வீடு திரும்பும் வழியை அடைப்பதுதான் இந்த நெடுவலை. கண் 2½ அங்குலம், ஆழம் பன்னிரண்டு கண் அளவு. மேலொரு கயிறு, கீழொரு கயிறு. நீங்கள் கேட்டதற்கான பதில் நீளத்தில் இருக்கிறது: நூறு கஜக் கயிற்றில் கோத்திருக்கும் வலை நூறு கஜம் இல்லை. குறைந்தது நூற்றைம்பது, சில வலைகளில் இருநூறு. அந்த உபரி அத்தனையும் மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. முயல் முட்டினால் வலை எதிர்ப்பதில்லை, கூடவே போகிறது. பயந்த முயல் பின்வாங்காமல் முன்னால்தான் தள்ளும். தள்ளத் தள்ளத் தொய்வு அதன் பின்னால் விழுந்து பையாகிறது, கால்கள் கண்களுக்குள் போகின்றன. விறைத்த வலையாக இருந்தால் முட்டித் திரும்பி, வலையோரமாகவே ஓடி இடைவெளி தேடும்.

கட்டுவது இருவர் வேலை. ஒருவர் முனைமுளையைக் குத்திவிட்டு, கையிலுள்ள கோலிலிருந்து வலையை ஓடவிட்டபடி நடக்கிறார். மற்றவர் பின்னால் ஐந்து கஜத்துக்கு ஒரு குச்சியாக நடுகிறார். குச்சி முப்பது அங்குலம்; ஆறங்குலம் மண்ணுக்குள். கீழ்க்கயிற்றை அடியில் ஒரு சுற்று, மேல்கயிற்றை நுனியில் இரண்டு சுற்று. ஒவ்வொரு குச்சியிலும் வலையை உதறித் தொய்வைச் சமமாக்கவில்லை என்றால் அது முழுக்க ஒரு முனைக்கு ஓடிவிடும், மறுமுனை விறைத்த வேலியாக நிற்கும். எல்லாம் இருட்டில், தடவிப் பார்த்தே. சட்டையில் பொத்தான் இருந்தால் அது வலையைப் பிடித்துக்கொள்ளும்; பழையவர்கள் பொத்தானில்லாத மேலுடைதான் போட்டார்கள்.

நிலவில்லாத, காற்று வீசும் இரவு வேண்டும். காற்று வயலிலிருந்து உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும். திசை மாறினால் வலையை விரிப்பதற்கு முன்பே முயல்கள் உங்கள் மணத்தை அறிந்து காட்டுக்குள் போய்விடும். உறைபனி இரவு உதவாது. புல் காலடியில் நொறுங்கும் சத்தம் வயல் முழுக்கக் கேட்கும். உயரமான புல் கீழ்க்கயிற்றைத் தூக்கிவிடும், முயல் அடியில் புகுந்து போகும். வயலில் மாடோ ஆடோ இருந்தால் அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள். வலை நின்ற பிறகு ஒருவர் வயலைச் சுற்றி அப்பால் போய்க் குறுக்கும் நெடுக்குமாக நடந்து வருவார். மற்றவர் மேல்கயிற்றில் விரல் வைத்துக் காத்திருப்பார். முயல் விழுந்தால் கயிறு சொல்லும். உடனே போய், வந்த வழியே பின்னுக்கு இழுத்து எடுத்து, நொடியில் கழுத்தை முறிக்க வேண்டும். தாமதித்தால் அதற்கும் வதை, வலையையும் கடித்து அறுக்கும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1828ஆம் ஆண்டு இரவுத் திருட்டு வேட்டைச் சட்டம் முயலையும் சேர்த்தே சொல்கிறது. சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கி, உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்புவரை அதன் கணக்கில் இரவு. அந்தக் காலத்தில் மூன்றாம் முறை பிடிபட்டவனை ஏழு ஆண்டு நாடுகடத்தவும் முடியும். நிலத்தில் பயிரிடுபவருக்கே முயலைப் பிடிக்கும் உரிமை உண்டு என்றானது 1880இல். ஆகவே பண்ணைக்காரரின் எழுத்துப்பூர்வ அனுமதி சட்டைப்பையில் இருக்கட்டும். தெட்ஃபோர்டில் இருக்கிறீர்கள் என்பதால் இன்னொன்று: அங்கே காட்டுக்குள் முயல் காவலனின் கல்வீடு ஒன்று நிற்கிறது, 1400ஐ ஒட்டிக் கட்டியது. கோட்டை மாதிரி சுவர். நார்மானியர்கள் கொண்டுவந்த முயல் அன்றைக்கு விலையுயர்ந்த வளர்ப்புச் செல்வம், காவல் திருடர்களிடமிருந்துதான்.

நம் ஊர் வலை? இங்கிலாந்தில் நீங்கள் பார்ப்பது குழிமுயல், வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. நம் காட்டுமுயல் வளை தோண்டாது. புதரடியில் தனியாகப் படுத்துக் கிடக்கும். வளையே இல்லாதபோது சுருக்குப்பை வலைக்கு அங்கே வேலையில்லை. நெடுவலைக்கு உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் கானவர் நாய்களோடு புதரை அடித்துக் கலைத்து, வேலியாகத் ‘தொடர்வலை’ மாட்டி, தப்ப வழியில்லாமல் வளைத்து முயல் பிடிக்கிறார்கள். நெடுஞ்செவிக்குத் தாமரையின் புறவிதழ் அங்கே உவமை. வலையோடு வலை தொடுத்த அந்த வேலியும் உங்கள் கொட்டகை வலையும் ஒரே குடும்பம். அங்கே பகலும் நாயும், இங்கே இருட்டும் காற்றும். இன்று அதை ஊரில் செய்து பார்க்க நினைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுமுயலைப் பிடிப்பது குற்றம்.

வேலை முடிந்ததும் சுருக்கு வலையின் இரு வளையங்களையும் ஒரு விரலில் மாட்டி, வலையை உருவி நேராக்கி, கீழ்நுனியிலிருந்து சுருட்டி, மிச்சக் கயிற்றைச் சுற்றி முளையைச் செருகுங்கள். அடுத்த முறை ஒரே உதறலில் விரியும். ஈரமிருந்தால் நிழலில் காயட்டும். சுருட்டும்போது எண்ணுங்கள். இருபது போட்டிருந்தால் இருபது கைக்கு வர வேண்டும். புல்லுக்குள் மறந்துபோன ஒரு வலை, நீங்கள் போன பிறகும் முயலைப் பிடிக்கும். எடுக்கத்தான் யாரும் இருக்கமாட்டார்கள்.