கேள்விக்குறி செய்யும் காவல்

கேள்வி: பி.எச்.பி.யில் லாகின் பக்கம் எழுதியிருக்கிறேன். பயனர் தருவதை எஸ்கேப் செய்த பிறகே, அதாவது மேற்கோள் குறி போன்றவற்றின் முன் பின்சாய்கோடு சேர்த்த பிறகே, குவெரியில் (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளையில்) ஒட்டுகிறேன். இதற்கு மேலும் ப்ரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் (கட்டளையையும் மதிப்பையும் தனித்தனியே அனுப்பும் முறை) வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். மேற்கோள் குறிகளுக்குள் நிற்கும் மதிப்பை மட்டுமே எஸ்கேப் காக்கும். ‘வேர் ஐடி =’ என்பதற்குப் பின் எண்ணை அப்படியே ஒட்டியிருந்தால் ‘5 ஆர் 1=1’ என்று ஒருவர் அனுப்பலாம். அதில் எஸ்கேப் செய்ய ஒரு குறிகூடக் கிடையாது. 1=1 எப்போதும் உண்மை என்பதால் டேபிளில் உள்ள எல்லாப் பதிவுகளும் வந்து விழும்.

ப்ரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்டின் வழியே வேறு. ‘செலக்ட் ஐடி, ஹேஷ் ஃப்ரம் யூசர்ஸ் வேர் மெயில் = ?’ என்ற வாக்கியம் மட்டும் முதலில் டேட்டாபேஸுக்குப் போகிறது. எது கட்டளை, எந்த இடத்தில் மதிப்பு வரும் என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது. பிறகு தனியாக வரும் மதிப்பில் மேற்கோள் குறி, அரைப்புள்ளி, ‘ட்ராப் டேபிள்’ என்று எது இருந்தாலும் அது வெறும் எழுத்து. கட்டளையாக மாற வழியில்லை. பாஸ்வேர்டை குவெரியில் ஒப்பிடவே வேண்டாம். ஹேஷை (பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமித்த வடிவத்தை) எடுத்து வந்து, ‘பாஸ்வேர்டு வெரிஃபை’ ஃபங்க்‌ஷனால் சரிபாருங்கள்.

இதில் பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு பேசும்போது, பி.எச்.பி.யின் டேட்டாபேஸ் இணைப்பு நீட்டிப்பான பி.டி.ஓ. இயல்பாக இந்தப் பிரிப்பைச் செய்வதில்லை. தானே எஸ்கேப் செய்து, முழு வாக்கியமாக ஒட்டி அனுப்புகிறது. இதுதான் ‘எமுலேட் ப்ரிப்பேர்ஸ்’. இந்த நிலையில் எழுத்துக் குறியாக்கத்தை ‘செட் நேம்ஸ்’ கொண்டு மாற்றினால் அந்த மாற்றம் பி.டி.ஓ.வுக்குத் தெரியாது. சீன எழுத்துகளுக்கான ஜிபிகே போன்ற குறியாக்கங்களில், எஸ்கேப்புக்காகச் சேர்த்த பின்சாய்கோடு முந்தைய பைட்டோடு சேர்ந்து ஒரே எழுத்தாகிவிடும். மேற்கோள் குறி காவலின்றி நிற்கும். எனவே இணைப்பு வரியிலேயே கேரக்டர் செட்டாக யூடிஎஃப்8எம்பி4 என்று கொடுங்கள். எமுலேட் ப்ரிப்பேர்ஸை அணைத்துவிடுங்கள். அணைத்த பின், பெயரிட்ட ஒரே இடக்குறியை (கேள்விக்குறிக்குப் பதில் ‘:மெயில்’ போல வைப்பதை) ஒரு குவெரியில் இருமுறை பயன்படுத்த முடியாது. பழைய நிரல் திடீரென்று எரர் காட்டினால் முதலில் இதைப் பாருங்கள்.

கேள்வி: தேடல் பெட்டிக்காக ‘லைக் '%?%'’ என்று எழுதினேன். பாராமீட்டர் எண்ணிக்கை பொருந்தவில்லை என்கிறது.

பதில்: மேற்கோள் குறிக்குள் போன கேள்விக்குறி இடக்குறி அல்ல, சாதாரண எழுத்து. குவெரியில் ‘லைக் ?’ என்று மட்டும் வைத்து, சதவீதக் குறிகளை மதிப்பின் இருபுறமும் சேர்த்து அனுப்புங்கள். பயனரே சதவீதக் குறியோ அடிக்கோடோ தட்டினால் அவையும் எதற்கும் பொருந்தும் குறிகளாகவே வேலை செய்யும். அது இன்ஜெக்‌ஷன் இல்லை. பயனர் தந்தது எதுவும் கட்டளையாக ஓடவில்லை. ஆனாலும் தேவையில்லாத விடைகள் வரும். அவற்றின் முன் பின்சாய்கோடு சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: டேபிளின் எந்த நெடுவரிசையின்படி வரிசைப்படுத்துவது என்பதைப் பயனரே தேர்ந்தெடுக்கிறார். ‘ஆர்டர் பை ?’ என்று வைத்தேன். எரர் இல்லை, வரிசையும் மாறவில்லை.

பதில்: நெடுவரிசையின் பெயர் மதிப்பு அல்ல, கட்டளையின் உறுப்பு. நீங்கள் அனுப்பிய ‘விலை’ என்ற சொல்லை மைஎஸ்க்யூஎல் மாறாத ஒரு சரமாக எடுத்துக்கொள்கிறது. எல்லாப் பதிவுக்கும் அது ஒன்றுதான் என்பதால் எதுவும் நகராது. டேபிள் பெயருக்கும் ஏறுவரிசை, இறங்குவரிசைக்கும் கேள்விக்குறி வைக்க முடியாது. இங்கே பயனர் தந்த சொல்லை ஒருபோதும் ஒட்டாதீர்கள். அனுமதிக்கும் பெயர்களை உங்கள் நிரலிலேயே பட்டியலாக வையுங்கள். வந்த சொல் அதில் இருந்தால் உங்கள் பட்டியலில் உள்ள பெயரை எடுத்துப் போடுங்கள். இல்லையென்றால் இயல்பு வரிசை.

‘வேர் ஐடி இன் (...)’ என்று எழுதும் பட்டியலில் நான்கு மதிப்புகள் என்றால் நான்கு கேள்விக்குறிகள் வேண்டும். பட்டியல் காலியாக இருந்தால் குவெரியை ஓட்டவே வேண்டாம். வெற்று அடைப்புக்குறி எரர் தரும்.

கேள்வி: ஓ.ஆர்.எம். (குவெரியைத் தானே உருவாக்கித் தரும் நூலகம்) பயன்படுத்தினால் கவலையில்லைதானே?

பதில்: அதன் வழக்கமான மெத்தடுகள் வரை கவலையில்லை. நீங்களே எழுதும் ‘ரா’ குவெரியில் சரத்தை ஒட்டினால் பழைய ஓட்டைதான். ஸ்டோர்டு ப்ரொசீஜருக்குள் (டேட்டாபேஸிலேயே சேமித்த நிரலுக்குள்) குவெரியை ஒட்டி எழுதி ஓட்டினாலும் அப்படியே. ‘நம் டேட்டாபேஸிலிருந்து வந்த மதிப்புதானே’ என்றும் விட்டுவிடாதீர்கள். பத்திரமாகச் சேமித்த பயனர்பெயரை இன்னொரு குவெரியில் ஒட்டும்போது தாக்குதல் அங்கே வெடிக்கும்.

கேள்வி: பழைய தளம், நூற்றுக்கணக்கான குவெரிகள். எங்கே தொடங்குவது?

பதில்: லாகின் இல்லாமலே திறக்கும் பக்கங்களில் தொடங்குங்கள். பி.எச்.பி. 7.0 நீக்கிவிட்ட பழைய ‘மைஎஸ்க்யூஎல்_’ ஃபங்க்‌ஷன்கள் இன்னும் இருந்தால் அவற்றை முதலில் மாற்றுங்கள். மாற்றி முடியும் வரை சேதம் பெருகாமல் இருக்க, தளம் பயன்படுத்தும் டேட்டாபேஸ் கணக்கிலிருந்து ட்ராப் (டேபிளை நீக்குவது), ஆல்டர் (டேபிளின் அமைப்பை மாற்றுவது), ஃபைல் (சர்வரின் கோப்புகளைத் தொடுவது) உரிமைகளை எடுத்துவிடுங்கள். எரர் செய்திகளைத் திரையில் காட்டாமல் லாக் கோப்பில் எழுதுங்கள்.

எண்ணை வாங்கும் பக்கங்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. உங்கள் தளத்தின் சோதனைப் பிரதியில் செய்யுங்கள். முகவரியில் ஐடியாக 6-1 என்று கொடுங்கள். 5-ஆம் பதிவு திறந்தால் கழித்தலை டேட்டாபேஸ் செய்திருக்கிறது, அதாவது பயனர் தட்டியது கட்டளையாக ஓடுகிறது. 6-ஆம் பதிவோ, ‘பதிவு இல்லை’ என்ற செய்தியோ வந்தால் அந்த இடத்தில் கணக்கு ஓடவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.