ஹெப்டத்லான், டெக்கத்லான்: கிரவுண்டிலிருந்து வந்த கேள்விகள்

பதினாறு வயது மாணவி. நீளம் தாண்டுதலில் 5.10 மீட்டர், 200 மீட்டர் 27.5 விநாடி. தடை ஓட்டம் பழக்கமே இல்லை. ஹெப்டத்லானுக்குத் தயார்செய்யலாமா? எதில் தொடங்குவது?
— உடற்கல்வி ஆசிரியர், தேனி மாவட்டம்

தாராளமாகத் தயார்செய்யலாம். ஹெப்டத்லான் என்பது பெண்கள் இரண்டு நாளில் ஆடும் ஏழு போட்டி: முதல் நாள் 100 மீட்டர் தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், 200 மீட்டர்; இரண்டாம் நாள் நீளம் தாண்டுதல், ஈட்டி, 800 மீட்டர். வேகமும் தாண்டும் காலும் இருக்கிற பிள்ளைக்கு மற்றதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். குண்டு மட்டும் நன்றாக எறிந்து, ஓட்டத்தில் மந்தமாக இருக்கிற பிள்ளையோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

தடை ஓட்டத்தில் தொடங்குங்கள். முதல் நாளின் முதல் போட்டியே அதுதான். அங்கே தடுக்கி விழுந்தால் மற்ற ஆறும் மனதளவில் கெட்டுவிடும். 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்குத் தடையின் உயரம் 76.2 செ.மீ. முதல் தடைவரை 13 மீட்டர், பிறகு தடைக்குத் தடை 8.5 மீட்டர். எடுத்த எடுப்பில் இந்த அளவில் வைத்தால் அவள் இடையில் நான்கு அடி வைப்பாள், அல்லது எட்டிக் குதிப்பாள். இரண்டுமே பிறகு மாற்றக் கடினமான பழக்கங்கள். இடைவெளியை 7.5 மீட்டராகக் குறைத்து, தடையை முழங்கால் உயரத்தில் வைத்து, இடையில் மூன்று அடி என்ற தாளத்தை முதலில் பிடிக்கவையுங்கள். தாளம் கலையாமல் நான்கு தடை வந்தால் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். உயரத்தைக் கடைசியில் கூட்டினால் போதும்.

அடிக்கடி நடக்கும் பிழை, தடைக்கு மிக அருகில் போய்க் காலெடுப்பது. அப்போது மேலே குதித்தாக வேண்டும். இறங்கும்போது குதிகால் முதலில் படும். அடுத்த மூன்று அடியும் செத்துப்போகும். தடைக்கு இரண்டு மீட்டர் முன்னால் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதற்குள் கால் வைக்கக்கூடாது என்று சொல்லுங்கள். தடையைத் தாண்டி ஒரு மீட்டர் அளவில் முன்பாதம் படவேண்டும். முதல் தடைக்கு எட்டுக் காலடி. அதிலேயே குழப்பம் வந்தால் கோளாறு தடையில் இல்லை, ஸ்டார்ட்டில் இருக்கிறது.

வாரத்தில் ஐந்து நாள் போதும். ஓய்வுக்கு மறுநாள் தடையும் வேகமும். அடுத்த நாள் குண்டு, எடைப் பயிற்சி. மூன்றாம் நாள் 800 மீட்டருக்கான ஓட்டம். ஒருநாள் விட்டு உயரம் தாண்டுதலும் ஈட்டியும், அதற்கடுத்த நாள் நீளம் தாண்டுதலும் 200 மீட்டரும். களைத்த காலோடு தடை ஓட்டமோ உயரம் தாண்டுதலோ பழகவைக்காதீர்கள். களைப்பில் பழகிய தவறுதான் போட்டியில் வந்து நிற்கும்.

எந்தப் போட்டியில் உழைத்தால் புள்ளி சீக்கிரம் ஏறும்?
— பயிற்சியாளர், சேலம்

எந்த நேரத்துக்கும் தூரத்துக்கும் எத்தனை புள்ளி என்று சொல்லும் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு பேசவேண்டிய கேள்வி இது. பள்ளி அளவில் ஆடும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். தடை ஓட்டம் 17 விநாடியிலிருந்து 16க்கு வந்தால் சுமார் 117 புள்ளி. 800 மீட்டர் 2:45இலிருந்து 2:30 ஆனால் 175க்கு மேல். ஈட்டி 25 மீட்டரிலிருந்து 30க்குப் போனால் 94. குண்டு ஒரு மீட்டர் கூடினால் 65. உயரத்தில் ஒரு கட்டம், அதாவது 3 செ.மீ., 34 புள்ளி. 200 மீட்டரில் அரை விநாடி குறைய ஒரு வருடம் உழைத்தால் கிடைப்பது 40.

புள்ளி எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது. அதை வாங்க எத்தனை மாதம் ஆகும் என்றும் பார்க்க வேண்டும். தடை ஓட்டம், ஈட்டி, 800 மூன்றிலும் நம் பிள்ளைகள் கற்காமல் விட்டதுதான் அதிகம். அதனால் முதல் வருடத்தில் அங்கேதான் அறுவடை. ஏற்கெனவே நன்றாகத் தாண்டும் போட்டியிலேயே நேரத்தைக் கொட்டுவது பயிற்சியாளருக்குப் பெருமை. அட்டவணைக்கு அதில் அக்கறை இல்லை.

அதற்காகப் பலத்தைக் கைவிடச் சொல்லவில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஸ்வப்னா பர்மன் 6026 புள்ளியுடன் தங்கம் வென்றார். உயரம் 1.82 மீட்டர், அதற்கு 1003. தடை ஓட்டம் 13.98, அதற்கு 981. ஈட்டி 50.63, அதற்கு 872. நீளம் 6.05, அதற்கு 865. 800 மீட்டர் 2:21.13, அதற்கு 808. 200 மீட்டர் 26.08, அதற்கு 790. குண்டு 12.69, அதற்கு 707. எந்தப் போட்டியும் 700க்குக் கீழே இறங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 26.08 என்பது தனி 200 மீட்டரில் பெரிய நேரம் இல்லை. ஆனாலும் ஓட்டை விழாத அட்டையாக இருந்ததால் பதக்கம் வந்தது.

மாவட்டப் போட்டியில் நீளம் தாண்டுதலில் மூன்றும் ஃபவுல். தனிப் போட்டியில் இப்படி ஆவதில்லை. என்ன காரணம்?
— தடகள வீராங்கனையின் அப்பா, நாகர்கோவில்

ஹெப்டத்லானில் நீளம் தாண்டுதலுக்கு மூன்றே வாய்ப்பு. தனிப் போட்டிபோல ஆறு கிடையாது. அதோடு அது இரண்டாம் நாள் காலை முதல் போட்டி. முந்தைய மாலை 200 மீட்டர் ஓடிய கால் விறைத்திருக்கும். விறைத்த காலில் அடி சுருங்கும், கால் ஊன்றித் தாண்டும் பலகை எட்டாது. பிள்ளை அடுத்த வாய்ப்பில் கடைசி இரண்டு அடியை நீட்டி எட்டிப்பிடிப்பாள், ஃபவுல். பதற்றத்தில் மூன்றாவதும் போகும்.

முதல் வாய்ப்பு பதிவுக்காக மட்டும் என்று போட்டிக்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள். ரன்-அப் தொடக்கக் குறியை 20-30 செ.மீ. பின்னால் தள்ளி, பலகைக்கு முன்னாலிருந்தே தாண்டட்டும். 5.50 தாண்டக்கூடியவள் 5.20 மட்டும் தாண்டினால் இழப்பு சுமார் 85 புள்ளி. மூன்றும் ஃபவுலானால் 700 முழுதாகப் போகும். பதிவு விழுந்த பிறகு அடுத்த இரண்டையும் துணிந்து தாண்டட்டும்.

எதிர்காற்று இருந்தால் குறியை முன்னால் கொண்டுவாருங்கள், பின்காற்று என்றால் பின்னால். பலகையிலிருந்து நான்கு காலடிக்கு முந்தைய இடத்தில் உங்களுக்கென்று ஒரு குறி வைத்து, அங்கே கால் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பலகையை மட்டும் பார்க்கும் பயிற்சியாளருக்குக் காரணம் தெரியாது.

800 மீட்டர் என்றாலே அழுகிறாள். தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடவிடுகிறேன். நேரம் குறையவில்லை.
— கோச், திருச்சி

ஐந்து கிலோமீட்டரை நிறுத்துங்கள். அது 200 மீட்டர் வேகத்தையும் தாண்டும் துள்ளலையும் தின்றுவிடும், 800க்கும் பெரிதாக உதவாது. வாரத்துக்கு ஒருமுறை 20-25 நிமிடம் மெதுவான ஓட்டம் போதும்.

இலக்கு 2:30 என்றால் 200 மீட்டருக்கு 37.5 விநாடி. அந்த வேகத்தில் ஆறு 200 மீட்டர், இடையில் 90 விநாடி நடை. இரண்டு மூன்று வாரத்தில் எட்டாக்குங்கள், பிறகு இடைவேளையை 60 விநாடியாக்குங்கள். போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது 500 மீட்டர் ஓடி, மூன்று நிமிடம் நின்று, 300 மீட்டர். இதைப் பத்து நாளுக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

பந்தயத்தில் முதல் சுற்று 73-74. ஆறு போட்டி முடிந்த உடம்பு, கூட்டத்தின் சத்தம், முதல் சுற்றை 68இல் ஓடிவிட்டு 600 மீட்டரில் நடக்கிறவர்கள் ஏராளம். முதல் 200 மீட்டர் முடிவில் நீங்கள் நின்று நேரத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். 36க்குக் கீழே வந்தால் அவளை நிதானப்படுத்துங்கள்.

உயரம் தாண்டும் பையன், 2 மீட்டர் தாண்டுகிறான். டெக்கத்லானுக்குக் கொண்டுவரலாமா? எங்களிடம் கோலூன்றித் தாண்டும் மெத்தை இல்லை.
— உடற்கல்வி ஆசிரியர், ஈரோடு

வரலாம். தேஜஸ்வின் சங்கர் அந்த வழியில் வந்தவர்தான். உயரம் தாண்டுதலில் 2022 காமன்வெல்த் வெண்கலம். அடுத்த வருடம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டெக்கத்லானில் 7666 புள்ளியுடன் வெள்ளி.

டெக்கத்லான் ஆண்களுக்கான பத்துப் போட்டி; அதில் ஒன்றான கோலூன்றுதலை விட்டுவிட்டு ஆட முடியாது. 3 மீட்டர் தாண்டினாலே 357 புள்ளி, 4 மீட்டர் என்றால் 617. மெத்தை கிடைக்கும்வரை நீளம் தாண்டும் மணல் குழியில் அடிப்படை பழகலாம். வளையாத குட்டைக் கோல், நின்று கை நீட்டினால் எட்டும் உயரத்துக்கு ஓரடி மேலே பிடி, நான்கு முதல் ஆறு காலடி ஓட்டம், மணலில் ஊன்றி, தொங்கி, இரண்டு காலிலும் இறங்குவது. அவ்வளவுதான். தலைகீழாகப் போகும் எதையும் மணலில் செய்யவிடாதீர்கள். குறுக்குக் கம்பியும் வேண்டாம்.

ஃபைபர் கோல் வாங்கும்போது அதில் எழுதியிருக்கும் எடையைப் பாருங்கள். பெரும்பாலும் பவுண்டில் இருக்கும். 70 கிலோ பையனுக்கு 155க்குக் குறைந்த கோல் கூடாது. அளவுக்கு மேல் வளைந்து முறியும். பெரியவர்கள் விட்டுப்போன பழைய கோலில் கீறல் இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

ஈட்டி எறிந்தால் முழங்கையின் உள்பக்கம் வலி. வயது 15.
— மாணவி, புதுக்கோட்டை

எறிவதை இன்றே நிறுத்து, எலும்பு மருத்துவரிடம் காட்டு. இந்த வயதில் அங்கே எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் மூடாமல் இருக்கலாம். வலியோடு எறிந்தால் நாளடைவில் பெயர்ந்துவிடலாம். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: முழங்கை தோளுக்குக் கீழே இறங்கி, கையால் மட்டும் எறிவது. திரும்ப ஆரம்பிக்கும்போது இரண்டு கையாலும் தலைக்கு மேல் பந்து எறிந்து, இடுப்பு முன்னே வரப் பழகு. வாரம் இரண்டு முறை, ஒரு முறைக்கு 25 எறிதலுக்கு மேல் வேண்டாம். உன் பிரிவுக்கு 500 கிராம் ஈட்டி. பெரியவர்களின் 600 கிராமைத் தொடாதே.

போட்டி விதிகளில் அடிக்கடி தடுமாறும் இடங்கள் எவை?
— பயிற்சியாளர், மதுரை

ஒரு போட்டிக்கு ஸ்டார்ட் செய்யவே வராமல் இருந்தால் மிச்சப் போட்டிகளில் பங்கேற்க முடியாது, மொத்தப் புள்ளியும் இல்லை. வலித்தாலும் ஸ்டார்ட்டில் நின்று இரண்டடி ஓடி நிறுத்தினால் அந்தப் போட்டிக்கு மட்டும் பூஜ்யம், தொடரலாம். ஃபவுல் ஸ்டார்ட்டில் ஒரு ஹீட்டுக்கு ஒன்று மன்னிப்பு. அடுத்து யார் செய்தாலும், அவருக்கு அது முதல் தடவையாக இருந்தாலும், அந்த ஓட்டத்திலிருந்து வெளியே. ஆகவே பக்கத்து லேனில் எச்சரிக்கை விழுந்தால் உங்கள் பிள்ளை பொறுமையாக எழட்டும்.

உயரத்தில் கம்பி 3 செ.மீ., கோலூன்றுதலில் 10 செ.மீ. என்று கடைசிவரை சீராகத்தான் ஏறும். முதல் உயரத்தைப் பயிற்சியில் எப்போதும் தாண்டும் அளவுக்கு 15 செ.மீ. கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

சிந்தடிக் டிராக்கில் ஸ்பைக்ஸ் ஆணி 9 மி.மீ.க்கு மேல் கூடாது. உயரத்துக்கும் ஈட்டிக்கும் மட்டும் 12 வரை. பையில் ஆணிச் சாவியும் உதிரி ஆணிகளும் இருக்கட்டும். இரண்டு போட்டிக்கு நடுவில் குறைந்தது அரைமணி கிடைக்கும். அதில் முதல் பத்து நிமிடம் நிழலில் உட்கார்ந்து வாழைப்பழமும் உப்பு-சர்க்கரைக் கரைசலும், கடைசி பத்து நிமிடம் சின்ன வார்ம்-அப். முழு வார்ம்-அப் அந்தந்த நாளின் முதல் போட்டிக்கு மட்டும். முதல் நாள் இரவு இட்லியோ சாதமோ வழக்கமாகச் சாப்பிடுவதையே கொடுங்கள். ஓட்டல் பரோட்டாவை ஊர் திரும்பும் வழியில் வாங்கிக்கொடுத்துக்கொள்ளலாம்.